ஸோயாவின் இன்னொரு பெயர்

புரூக்ளின்
1995 நவம்பர் 5

மதிப்பிற்குரிய திருமதி லுஸ்டிக் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் ஸோயா. நான் யூதர்களின் இட்டிஷ் மொழி படிக்கிறேன். இது என் முதல் கடிதம். நான் நலம். நீங்கள் நலமா? உங்கள் கணவர் நலமா? உங்கள் வாத்து நலமா?

உங்களிடம் வாத்து இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் பாடப் புத்தகத்தில் எல்லாரிடமும் வாத்து இருக்கிறது.

உங்கள் மகன் அன்ஷெல் நல்ல மனிதர். அவர் இங்கே ஒரு கடையில் காமிரா விற்கிறார். நாங்கள் ஹோட்டல் கூடத்தில் சில முறை சந்தித்தோம். எலுமிச்சை சோடா குடித்தோம். அவரை எனக்குப் பிடிக்கிறது. அவருக்கு என்னைப் பிடிக்கிறது. கல்யாணத் தரகி பேஸ்யா அம்மாள் மகிழ்ச்சியாக இருக்கிறார்.

அன்ஷெல் சொன்னார், "அம்மாவுக்கு இட்டிஷில் எழுது" என்று. அதனால் எழுதுகிறேன். அகராதி கனமாக இருக்கிறது. என் கை வலிக்கிறது.

மரியாதையுடன்,
ஸோயா குரேவிச்


ஆண்ட்வெர்ப்
ஹெஷ்வன் மாதம், இருபத்திரண்டாம் நாள்

பெண்ணே,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வாய்விட்டுப் படித்தேன். வாத்து வந்த இடத்தில் என் கணவர் ஹெர்ஷ் வாயிலிருந்த சூப்பைத் துப்பிவிட்டார். சலவை செய்த மேஜை விரிப்பு. அதற்கு உன்னைத்தான் சொல்ல வேண்டும்.

எங்களிடம் வாத்து இல்லை. நாங்கள் வைரச் சந்தைக்குப் பின்தெருவில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். இட்டிஷ் பேசுகிறவர்கள் எல்லாரும் சேற்றில் கோழி மேய்த்துக்கொண்டிருப்பதாக உனக்குப் புத்தகம் எழுதிக் கொடுத்த மேதாவி யார்? அவன் எங்களில் ஒருவரையாவது கண்ணால் பார்த்திருக்கிறானா? நம் யூத மாதத்தை விட்டுவிட்டு, பாதிரிமார் போடும் தேதியைப் போட்டு எழுதியிருக்கிறாய். அதையும் மாற்றிக்கொள்.

ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். இந்தச் சம்பந்தத்தில் எனக்கு விருப்பம் இல்லை. பேஸ்யா என்னிடம் போனில் எப்படிப் பேசினாள் தெரியுமா? "இங்க பாருங்க, பையனுக்குக் கொஞ்சம் வயசாயிடுச்சு, கொஞ்சம் திக்குவாய் வேற. அதுக்கேத்த மாதிரி கொஞ்சம் ரஷ்யாக்காரி." காய்கறிக் கடையில் அழுகல் தக்காளிக்கு அழுகல் வெங்காயத்தை எடை போடுகிறவள் மாதிரி! பரம்பரை பரம்பரையாகத் தோரா வேதம் படித்த குடும்பம் என்னுடையது. நீ நேற்று வரை, வண்டி ஏறக்கூடாத சாபத் ஓய்வு நாளில் பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போனவள்.

அன்ஷெலுக்கு வார்த்தை தொண்டையில் நிற்கும். அது ஒரு குறையே இல்லை. நான் இருக்கிறேன், எடுத்துக் கொடுப்பேன். அவன் முதல் எழுத்தைச் சொன்னால் போதும், மிச்சத்தை நான் சொல்லி முடித்துவிடுவேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. நீ என்ன எடுத்துக் கொடுப்பாய்? அகராதியையா?

ஆனாலும் அவன் உன்னைத்தான் கேட்கிறான். ஆகவே ஒரு நிபந்தனை. என் வீட்டு மேஜையில் இட்டிஷ் மட்டும்தான் பேசுவோம். எனக்குச் சிரிப்பு வராத ஒரு கடிதம் எழுது, பிறகு யோசிக்கிறேன். போனில் மட்டும் கூப்பிடாதே. எனக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறது. உன் உச்சரிப்பையும் சேர்த்துத் தாங்க முடியாது.

ஸ்லா. லுஸ்டிக்

என் போட்டோவை அன்ஷெல் காட்டியிருப்பான். என்னை அவனுடைய அக்கா என்றுதான் இங்கே எல்லாரும் நினைக்கிறார்கள். நீ வந்து 'அம்மா' என்று கூப்பிட்டு அதைக் கெடுத்துவிடாதே.


புரூக்ளின்
கிஸ்லேவ் மாதம், மூன்றாம் நாள்

மதிப்பிற்குரிய திருமதி லுஸ்டிக் அவர்களுக்கு,

தேதியைப் பாருங்கள். மாற்றிக்கொண்டேன்.

வகுப்பு பெண்கள் பள்ளியின் நிலவறையில் நடக்கிறது. ஆசிரியை திருமதி ரோட். என்னைத் தவிர ஒரு வக்கீலும் ஒரு நர்ஸும் வருகிறார்கள். நர்ஸ் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். "எங்கே வலிக்கிறது?", "யார் திருடினார்கள்?" என்ற இரண்டு கேள்வி மட்டும் அவளுக்குப் போதுமாம். பாக்கியசாலி.

படித்ததைப் பேசிப் பார்க்கலாம் என்று மீன் கடைக்குப் போனேன். கெண்டை மீன் தலை ஒன்று வேண்டும் என்று இட்டிஷில் கேட்டேன். கடைக்காரர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். மறுபடியும் இட்டிஷில் கேட்டேன். அவர் உள்ளே பார்த்துக் கத்தினார்: "ஏய், இங்க வந்து பாரு! பல்கலைக்கழகம் மீன் வாங்க வந்திருக்கு!" உள்ளேயிருந்து மூன்று பேர் கத்தியும் கையுமாக வந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் நகரவில்லை. தலையை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். உங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, திருமதி லுஸ்டிக். இட்டிஷ் தெரியாதவளைப் பார்த்தால் காறித் துப்புகிறீர்கள். தெரிந்துகொள்ள வந்தால் விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள்.

வீட்டில் அது ஒரு கூத்து. என் அம்மா ஒடெஸ்ஸாவில் பியானோ ஆசிரியையாக இருந்தவள். என் பாடப் புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "நாப்பது வருஷம் பாடுபட்டு இந்தப் பாஷையை நம்ம வீட்டுலேர்ந்து துடைச்சு எடுத்தோம். நீ சம்பளம் குடுத்துத் திரும்பக் கூட்டிட்டு வர்றியா?" என்கிறாள். மூட்டை தூக்குகிறவன் பாஷையாம். இரண்டு பக்கமும் எனக்கு அடி.

இந்தக் கடிதத்துக்கு அகராதியைக் கொஞ்சம்தான் திறந்தேன். சிரிப்பு வந்ததா?

ஆசிரியை ஒன்று சொன்னார். இட்டிஷ் கடிதத்தில் பாஸ்போர்ட் பெயரைப் போடக்கூடாது, யூதப் பெயரைத்தான் போட வேண்டுமாம். எனக்கும் ஒன்று இருக்கிறது.

மரியாதையுடன்,
ஸ்லாட்டா


ஆண்ட்வெர்ப்
கிஸ்லேவ் மாதம், பதினான்காம் நாள்

பெண்ணே,

இந்தப் பெயரை எங்கேயிருந்து திருடினாய்?

ஸ்லாட்டா நான். இந்தத் தெருவில், இந்த வீட்டில், அன்ஷெலுக்கு அம்மா என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில், ஸ்லாட்டா நான்தான். கடிதத்தின் அடியில் என் பெயரை உன் கோணல் கையெழுத்தில் பார்த்ததும் பித்தப்பை துள்ளியது. ஹெர்ஷ் டாக்டரைக் கூப்பிடப் போனார். வேண்டாம், பேஸ்யாவைக் கூப்பிடுங்கள், அவளைத்தான் வெட்ட வேண்டும் என்றேன்.

உனக்கு எதுவும் தெரியாது, அதனால் பாலர் பாடமாகவே சொல்கிறேன். எங்களில் ஒருவன் தன் தாயின் பெயர் கொண்ட பெண்ணைக் கட்டமாட்டான். நூற்றாண்டுக்கணக்கில் இருந்து வருகிற வழக்கம். ஒரே வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பெயர் இருந்தால், இருவரில் ஒருத்தி சீக்கிரம் போய்விடுவாள் என்று பயம். யார் போவாள் என்று வழக்கத்தில் சொல்லவில்லை. எனக்கு ஒரு யூகம் உண்டு.

எவ்வளவு விசாரித்தோம் தெரியுமா? உன் அம்மா சாபத் விருந்துக்கு எந்த நிற விரிப்பு போடுகிறாள், சாப்பிட்ட தட்டை மேஜையிலேயே அடுக்குகிறாளா, உன் செருப்பு எத்தனை உயரம், உன் அப்பா எந்த நோயில் போனார், உனக்கு மூக்குக் கண்ணாடி உண்டா, எல்லாம் கேட்டோம். உன் பெயரை ஒருத்தரும் கேட்கவில்லை! 'அந்த ரஷ்யாக்காரி', 'அந்த ரஷ்யாக்காரி' என்றே பேசிக்கொண்டிருந்தோம். ரஷ்யாக்காரிக்கு ஒரு யூதப் பெயர் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

எங்கள் மதகுரு ரபியிடம் கேட்டுவிட்டேன். பெண் பெயரை மாற்றிக்கொண்டு, ஊரார் புதுப் பெயரில் கூப்பிட்டுப் பழகிய பிறகு நிச்சயம் செய்யலாம் என்றார். ஃபெய்கா, கித்தல், ப்ரைந்தல், ஹிந்தா, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். நிச்சயத்துக்கு உடைக்கிற தட்டைக்கூட அலமாரியில் எடுத்து வைத்தேன், உன் அம்மா ஓர் ஓரமும் நான் ஓர் ஓரமும் பிடித்து உடைக்கலாம் என்று. பீங்கான் தட்டு. நல்லது. உனக்கு அதிகம்தான்.

அடுத்த கடிதத்தில் புதுப் பெயர் இருக்கட்டும்.

ஸ்லாட்டா லுஸ்டிக் (உண்மையானவள்)


புரூக்ளின்
கிஸ்லேவ் மாதம், இருபத்தொன்பதாம் நாள்

திருமதி லுஸ்டிக் அவர்களுக்கு,

மாற்றமாட்டேன்.

ஃபெய்கா என்ற பெயரை உங்கள் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கித்தலைப் பேஸ்யாவுக்குக் கொடுங்கள்.

என் அப்பா லேவ் ஒடெஸ்ஸாவில் டிராம் ஓட்டினார். பாஸ்போர்ட்டில் அம்மா ஸோயா என்று எழுதினாள், பள்ளியில் யாரும் வம்பு பண்ணக் கூடாது என்று. அப்பாவுக்கு இட்டிஷ் தெரியும், ஆனால் அம்மா தடுத்திருந்ததால் வாயைத் திறக்கமாட்டார். என்னை டிராமில் கூட்டிக்கொண்டு போகும்போது மட்டும், கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிப் போன பிறகு, "ஸ்லாட்டா, மணி அடி" என்பார். நான் மணி அடிப்பேன். எனக்கு ஏழு வயதில் அவர் இறந்துபோனார். எனக்கு அவர் விட்டுப்போனது அந்த ஒரு சொல்தான். வேறு நகையோ புத்தகமோ கிடையாது.

இன்றைக்கு எனக்கு அறுநூறு, எழுநூறு இட்டிஷ் வார்த்தை தெரியும். எல்லாவற்றையும் அந்த நிலவறையில் ஈரச் சுவரைப் பார்த்து மனப்பாடம் செய்தேன். நான் படித்துத் தெரிந்துகொள்ளாத ஒரே இட்டிஷ் வார்த்தை என் பெயர். அதைக் கொடுத்துவிட்டுத்தான் உங்கள் மேஜையில் இட்டிஷ் பேச வேண்டுமா? அப்படியானால் நீங்கள் யாருக்கு இட்டிஷ் சொல்லித் தருகிறீர்கள்? மொழி மொழி என்று மார் தட்டுகிறவர், பிறவியிலேயே ஒருத்திக்குக் கிடைத்த ஒரு சொல்லைப் பிடுங்குகிறீர்களே!

என்னைத் திருடி என்றீர்கள். உங்களுக்கு முன்னால் எத்தனை ஸ்லாட்டா இருந்திருப்பார்கள். அவர்களிடம் நீங்கள் ரசீது வாங்கினீர்களா?

ஸ்லாட்டா


ஆண்ட்வெர்ப்
தேவெத் மாதம், பத்தாம் நாள்

செல்வி குரேவிச்,

இன்று நோன்பு நாள், அதனால் சுருக்கமாக.

நேற்று அன்ஷெல் போன் செய்தான். "அம்மா, ஸ்... ஸ்... ஸ்..." என்றான். பாவம், அந்தப் பெயரைச் சொல்லவே அவனுக்கு வாய் வரவில்லை. "ஸ்லாட்டா வேண்டாம், வேற இடம் பாக்கலாம், அதானே? தெரியும்டா கண்ணு, நீ சொல்லவே வேணாம்" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான். அவனுக்கே புரிந்துவிட்டது.

ஆகவே முடிந்தது. தட்டு அலமாரியிலேயே இருக்கட்டும். பேஸ்யாவிடம் நானே சொல்லிவிடுகிறேன். உன் அறுநூறு வார்த்தையை வைத்துக்கொண்டு அந்த நர்ஸோடு முதியோர் இல்லத்துக்குப் போ. யார் திருடினார்கள் என்று விசாரி.

ஸ்லாட்டா லுஸ்டிக்


புரூக்ளின்
தேவெத் மாதம், இருபத்தோராம் நாள்

திருமதி லுஸ்டிக்,

அன்ஷெல் போனை வைத்துவிட்டு நேராகப் பேஸ்யாவின் வீட்டுக்கு வந்தார். என்னையும் அங்கே கூப்பிட்டு விட்டார்கள். உட்கார்ந்து நடந்ததை முழுவதுமாகச் சொன்னார். நீங்கள் சொல்லி முடித்த வாக்கியம் அவருடையது இல்லை. அவர் சொல்ல வந்தது: "ஸ்லாட்டாவைத்தான் கட்டுவேன். வேற இடம் பாக்காதீங்க." இதைச் சொல்லத்தான் போன் செய்தார். நீங்கள் விடவில்லை.

'ஒரு தடவைகூடத் தப்பியதில்லை' என்று எழுதினீர்களே. தப்பு என்று சொல்ல அவருக்கு நீங்கள் எப்போது நேரம் கொடுத்தீர்கள்?

உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்லட்டுமா? அவர் என்னிடம் திக்குவதில்லை.

முதல் சந்திப்பில் ஆங்கிலத்தில் பேசினோம். அவர் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் என் சோடாவில் குமிழ் எல்லாம் அடங்கிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது, அவருக்கு அவமானமாக இருந்தது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். சரி, படித்த நாலு வார்த்தை இட்டிஷைப் பேசிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்றேன். கூரையைப் பார்த்தேன். தேடினேன். அவர் காத்திருந்தார், ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. பிறகு அவர் பேசினார். வாக்கியம் வாக்கியமாக, தண்ணீர் மாதிரி. எங்கள் மேஜையில் யாருக்கும் அவசரம் இல்லை, திருமதி லுஸ்டிக். இருவரும் மெதுவாகப் பேசுகிறவர்கள். உங்களுக்கு என் இட்டிஷ் சிரிப்பு. உங்கள் மகனுக்கு அதுதான் மூச்சு விட இடம்.

பெற்ற பிள்ளையின் வாயில் இருந்து வார்த்தையைப் பிடுங்கித் தின்றே நீங்கள் இளமையாக இருக்கிறீர்கள் போலிருக்கிறது. அக்கா மாதிரி இருக்கிறீர்களாம்!

என்னால் முடிந்தது ஒரு சாபம். அகராதி பார்க்காமல் எழுதுகிறேன். உங்களுக்கு நூறு மருமகள்கள் கிடைக்கட்டும். நூறு பேருக்கும் நீங்கள் வைத்த பெயரே இருக்கட்டும். நூறு பேரும் நீங்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டட்டும். சண்டை போட ஓர் ஆள் கிடைக்காமல் நீங்கள் நூற்றிருபது வயது வரை ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களை "யாராவது என்னோட ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்று கெஞ்சட்டும். அவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் பதில் சொல்லட்டும்.

பெயரை மாற்றமாட்டேன். உங்கள் ரபி சம்மதிக்காமல் அன்ஷெல் கட்டிக்கொள்ள மாட்டார், நானும் கேட்கமாட்டேன். அதனால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். சந்தோஷமாக இருங்கள்.

ஸ்லாட்டா


ஆண்ட்வெர்ப், மருத்துவமனை
ஷெவாத் மாதம், ஒன்பதாம் நாள்

பெண்ணே,

உன் சாபம் வந்தது. ஜன்னலோரம் வரைக்கும் பரவாயில்லை என்று படித்துக்கொண்டு வந்தேன். ஆங்கிலத்தில் பதில் சொல்லட்டும் என்ற இடத்தில் என் நாற்காலியை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். பக்கத்துப் படுக்கையில் ஒருத்தி இருக்கிறாள், எழுபது வருடமாக இட்டிஷில் திட்டி வாழ்கிறவள். அவளுக்குப் படித்துக் காட்டினேன். "யாரு எழுதினது? ஆண்ட்வெர்ப்காரியா?" என்றாள். ஒரு ரஷ்யாக்காரி, டிராம் ஓட்டினவன் மகள் என்றேன். அவள் நம்பவில்லை. இதை அந்த ரோட் சொல்லித் தந்திருக்க முடியாது. வாத்துப் புத்தகத்தில் இருந்தும் வந்திருக்க முடியாது. உனக்கு நெஞ்சில் விஷம் இருக்கிறது. அதை முதல் கடிதத்திலேயே காட்டியிருந்தால் இவ்வளவு தபால்தலை வீணாகியிருக்காது.

நீ சொன்னதை நான் நம்பவில்லை. என் பிள்ளை திக்காமல் பேசுகிறானாம், அதுவும் உன்னிடம்! பொய் என்று நிரூபிக்க அவனுக்குப் போன் போட்டேன். வாயில் ஒரு கற்கண்டு வைத்துக்கொண்டேன், நாக்கு துள்ளாமல் இருக்க. அவன் "அம்மா, நா... நா..." என்றான். எனக்குத் தெரியும் அவன் என்ன சொல்லப் போகிறான் என்று. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கற்கண்டைக் கடித்துக்கொண்டேன். அது கரைந்தது. இன்னொன்று வைத்தேன். ஹெர்ஷ் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அவன் நிறுத்தி நிறுத்தி, நடுவில் மூச்சு வாங்கி, கடைசியில் ஒரு முழு வாக்கியம் சொல்லி முடித்தான். நான் நினைத்தது அது இல்லை. பிறகு இன்னொன்று சொன்னான். அதுவும் இல்லை. எல்லாம் உன்னைப் பற்றித்தான். கற்கண்டுக்குக் கேடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பித்தப்பைக் கல்லை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயிற்றில் தழும்பு விழும், மருத்துவமனைச் சட்டையில் மனுஷி மாதிரியே இருக்கமாட்டேன் என்று தட்டிக் கழித்து வந்தேன். போன வாரம் நானே போய்ப் படுத்துவிட்டேன். படுத்ததும் ரபியை வரச்சொன்னேன். "செத்துப்போயிடுவேன் போலிருக்கு, எனக்குப் பேர் சேர்த்து வைங்க" என்றேன். உனக்குத் தெரியாது, சொல்கிறேன்: எங்களில் பிழைப்போமோ மாட்டோமோ என்று கிடக்கிறவருடைய பெயருக்கு முன்னால் இன்னொரு பெயர் சேர்ப்பார்கள், மரண தூதன் பழைய பெயரைத் தேடி வந்து ஆள் தெரியாமல் திரும்பிப் போகட்டும் என்று. ரபி டாக்டரைப் பார்த்தார். டாக்டர், "வெறும் கல்லுதான், மூணாம் நாள் வீட்டுக்குப் போயிடுவாங்க" என்றார். "உங்க கிட்ட யாரும் கேக்கலை" என்றேன் டாக்டரிடம். ரபி தாடியைத் தடவினார். அவர் முட்டாள் இல்லை. எதற்கு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னைத் திட்டவும் இல்லை.

பத்து ஆண்கள் கூடி, வேதத்தின் சங்கீதப் பாடல்களை ஓதி, பெயர் சேர்த்தார்கள். கிழவியாகிற வரை வாழ வேண்டும் என்று வைக்கிற பெயர் அது. அர்த்தமும் கிழவி என்பதுதான். இனிமேல் தோராவுக்கு முன்னாலும், தெருவிலும், ரொட்டிக் கடையிலும் எல்லாரும் என்னை அதைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது என்று ரபி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நேற்று ஹெர்ஷ் பூங்கொத்தோடு வந்து கதவருகில் நின்று, "கிழவி, எப்படி இருக்கே?" என்றார். அவருக்கு ரொம்ப நாளாக ஆசை போலிருக்கிறது.

உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்குக் கல் இருந்தது. கல்லுக்குப் பெயர் சேர்த்தேன். அதற்குப் பிறகு ரபி, "இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே பேர் இல்லை, கல்யாணத்துக்குத் தடை இல்லை" என்று சொன்னால் நான் என்ன செய்ய முடியும்?

கல்லை எடுத்துவிட்டார்கள், தழும்பு ஆறியதும் வருகிறேன். தட்டு வாங்காதே, நான் கொண்டு வருகிறேன். உன் அம்மாவிடம் சொல், பியானோ வாசிக்கிற கையால் ஓர் ஓரத்தை இறுக்கிப் பிடிக்கட்டும், நான் இன்னோர் ஓரம். நீ விசாரித்தாயே, வாத்து, அதையும் சொல்லி வைத்திருக்கிறேன். நலமாக இருக்கிறதாம். விருந்தில் பார்ப்பாய்.

உன் பெயரை நீயே வைத்துக்கொள். ஒழுங்காக எழுதக் கற்றுக்கொள், இன்னும் கோணலாகத்தான் எழுதுகிறாய்.

இப்படிக்கு,
கிழவி